ஹலாலாக்கிய பால்

பெட்டி லிப்டுக்குள் நுழைய மறுத்தது. நேராகத் தள்ளிப் பார்த்தார்கள், குறுக்காகச் சாய்த்துப் பார்த்தார்கள். எப்படிப் பார்த்தாலும் கால்மாட்டில் ஒரு முழம் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. லிப்டுக் கதவு மூட வந்து, இடித்து, திறந்து, மறுபடி மூட வந்தது. "நிக்க வெச்சு ஏத்திப் பாப்பமா?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டுவிட்டு, கேட்ட வாயைத் தானே பொத்திக்கொண்டார். சுங்கை பினாங்கின் இந்த அடுக்குமாடியில் கட்டில், அலமாரி, கல்யாணத்துக்கு பிரியாணி ஆக்கும் தேக்சா எல்லாம் இந்த லிப்டில்தான் ஏறி இறங்குகின்றன. ஸ்வீடனிலிருந்து விமானத்தில் ஒரு சவப்பெட்டி வந்து இதில் ஏற வேண்டியிருக்கும் என்று கட்டியவனுக்கு எப்படித் தெரியும்?

ஷஹீரா வேனில் சாய்ந்தபடி இதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பெட்டிக்குள் இருந்தவன் அவள் கணவன் ஹைதர். உறைந்துபோன ஓர் ஏரியின் மேல் சறுக்கி விளையாடப் போய், பனிக்கட்டி உடைந்து தண்ணீருக்குள் விழுந்து செத்துப்போனான். இந்த ஒரு வரியைப் பினாங்குத் தீவில் யாருக்கும் புரியவைக்க முடியவில்லை. ஏரி உறையுமா? உறைந்தே தொலைந்தாலும் அதன் மேல் மனிதன் எதற்கு ஏறுகிறான்? விமான நிலையத்திலேயே ஒரு பெரியவர் கேட்டுவிட்டார், "வேற வெளையாட்டே கெடைக்கலையாம்மா?" என்று. கேட்ட கையோடு தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டார்.

கடைசியில் பெட்டியைக் கீழ்த்தளப் பொது மண்டபத்தில், பந்தி போடும் நீள மேசைகளின் மேல் வைத்தார்கள். மையத்தை ஸ்வீடனிலேயே குளிப்பாட்டி, கபன் துணி சுற்றி, பெட்டிக்குத் தகடு அடித்து அனுப்பியிருந்ததால் இனித் திறக்க வேண்டியதில்லை என்றார் பள்ளிவாசல் லெபை. நண்பகல் லுஹர் தொழுகை முடிந்ததும் ஜனாஸா தொழுகை, அப்புறம் அடக்கம். அதற்குள் பெற்றவள் இறங்கி வந்து பார்க்க வேண்டியதுதான் பாக்கி.

பெற்றவள் இறங்கி வரவில்லை. வேன் நின்ற உடனே மேலே போன ஐமான்தான் திரும்பி வந்து அதைச் சொன்னான். ஐமான் ஹைதருக்குச் சித்தி மகன், பெரிய ஆஸ்பத்திரியில் மருத்துவ உதவியாளர். "பெரியம்மா வர மாட்டேங்கறாங்க. உங்கள மேல வரச் சொல்றாங்க அக்கா. லெபையும் வரணுமாம்."

லிப்டில் ஐமான் மாடி எண்களையே பார்த்துக்கொண்டு வந்தான். பாயான் லெப்பாஸ் விமான நிலையத்திலிருந்து வரும் வழியில் வேனின் பின்சீட்டில் ஷஹீரா அவனிடம் எல்லாவற்றையும் கொட்டியிருந்தாள். நெஞ்சில் வைத்துக்கொள்ள முடியவில்லை. வைத்தியம் தெரிந்தவன், கேட்டால் புரிந்துகொள்வான் என்று நினைத்தாள். கடைசியாக, "மாமிக்கு மட்டும் தெரிய வேணாம்பா" என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். "சத்தியமா சொல்ல மாட்டேன்கா" என்றான். இப்போது அவன் முகம் வெளிறிக் கிடந்தது. துக்கம் என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

வீடு நிறையப் பெண்கள். நடுவில், சுவரில் சாய்ந்து, வெள்ளைத் துப்பட்டியை இழுத்துப் போர்த்தி உட்கார்ந்திருந்தாள் ஹைதரைப் பெற்ற ஆசியா பீவி. கண்ணில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. மருமகள் உள்ளே வந்ததும் யாரும் அவளைக் கட்டிக்கொள்ளவில்லை. விதவையாகி வந்திருப்பவளைக் கட்டிப்பிடித்து அழுவதுதான் முறை. ஆனால் சாவுச் செய்தி வந்த நாளிலிருந்து ஆசியா பீவி வந்தவர் போனவரிடமெல்லாம் சொன்ன கதை ஒன்று இருந்தது. அந்தக் கதை ஷஹீராவுக்கு முன்பே வந்து சேர்ந்து, கூடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது.

"லெபை, கேட்டுக்குங்க" என்றாள் ஆசியா பீவி. "எம்புள்ள தண்ணியில சாகல. தண்ணியில இருந்து அவனே ஏறி வந்துட்டான். போன்ல நான் கண்ணால பாத்தேன். குளுர்ல ஒதடு நீலமா, தரையில கெடக்கறான். இவ பக்கத்துல சும்மா ஒக்காந்திருக்கா. கையக் கால தேய்ச்சு விடுடி, எழுப்பி நடக்க விடு, சூட்டுல ஒக்கார வைன்னு தொண்ட கிழியக் கத்தறேன். இவ போனை வெச்சுட்டா. எம்புள்ள வெறச்சுச் செத்தான்."

"ஆண்டவனோட நாட்டம்மா" என்றார் லெபை.

"நாட்டம்தான். ஆனா இவ வாயால இவ அத ஒத்துக்கணும். இத்தன பேரு முன்னால. ஒத்துக்கிட்டா நான் எறங்கி வந்து பால ஹலாலாக்கறேன். இல்லைன்னா தூக்கிட்டுப் போய்ப் பொதைங்க. நான் வர மாட்டேன்."

மகன் மௌத்தானால் பெற்றவள், தான் கொடுத்த பாலை அவனுக்கு ஹலாலாக்கி, மனசார விட்டுக்கொடுத்து அனுப்புவது இந்தக் குடும்பத்தில் வழிவழியாக வந்த வழக்கம். மார்க்கத்தில் இதற்குக் கட்டாயம் ஒன்றும் இல்லை என்று லெபை மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். ஆசியா பீவி அவரை ஒரு பார்வை பார்த்தாள். அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு வாசலைப் பார்த்தார்.

அந்தப் பால் ஆசியா பீவியிடம் எப்போதும் உறையில் போட்ட கத்தியாக இருந்தது. ஹைதர் மோட்டார் சைக்கிள் வாங்கியபோது உருவினாள். வசதியில்லாத வீட்டுப் பெண் ஷஹீராவைக் கட்டிக்கொள்வேன் என்றபோது உருவினாள். பெருநாளன்று கையைப் பிடித்து முத்தமிட்டால் மறுபடி உறைக்குள் போய்விடும். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை அவனை ஸ்வீடனுக்கு மாற்றியபோது மட்டும் போகவில்லை. "போற இடத்துல இருந்து நீ ராஜாவா வந்தாலும் என் பால் ஒனக்கு ஹலால் இல்ல" என்று விமான நிலையத்தில் வைத்தே சொன்னாள். ஹைதர் சிரித்துக்கொண்டே போனான். ஆனால் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வீடியோவில் பேசி முடிக்கும்போது, "உம்மா, அப்ப பால்?" என்று கேட்பான். "பாப்பம்" என்பாள். போனை வைத்த பிறகு அவன் முகம் கொஞ்ச நேரம் செத்திருக்கும். ஷஹீராவுக்கு அது தெரியும்.

இப்போது அந்தச் சொல்லை வாங்காமல் அவனைக் குழியில் இறக்குவதா என்பதுதான் அவள் முன்னால் நின்ற கேள்வி. வேறு எதுவும் அவனுக்குச் செய்ய மிச்சமில்லை. அதற்கு அவள் சொல்ல வேண்டியதோ ஒரு பச்சைப் பொய்.

ஏனென்றால் ஆசியா பீவி சொன்னதையெல்லாம் ஷஹீரா செய்திருந்தாள்.

அந்த ஏரி காட்டுக்குள் கிடந்தது. வேலி இல்லை, காவல் இல்லை, டிக்கெட் இல்லை. ஆயர் ஈத்தாம் அணைக்கட்டைப் போல மூன்று மடங்கு இருக்கும் என்பான் ஹைதர். பனி கொட்டுவதற்கு முன்னால், குளிர் மட்டும் வந்து இறுகும் நாட்களில், ஏரி கறுப்புக் கண்ணாடியாக உறைந்துவிடும். அடியில் பாசி அசைவது தெரியும், முழுகிக் கிடக்கும் மரம் தெரியும். அதன் மேல் கத்தி வைத்த காலணி போட்டுக்கொண்டு அவன் போவான். பனிக்கட்டி மெல்லிய விசில் அடிக்கும். எங்கோ தூரத்தில் இடி மாதிரி ஒரு முறை உறுமும். முதல் தடவை அந்தச் சத்தத்தைக் கேட்டு ஷஹீரா அலறிக்கொண்டு கரைக்கு ஓடியிருக்கிறாள். "ஒண்ணும் இல்லலா, ஏரி சோம்பல் முறிக்குது" என்று அவன் விழுந்து விழுந்து சிரித்தான். ஐஸ் கச்சாங் கிண்ணத்துக்கு வெளியே ஐஸைப் பார்க்காமல் வளர்ந்தவனுக்கு அங்கே போனதும் பைத்தியமே பிடித்துவிட்டது. அவள் அவனை அத்தனை சந்தோஷமாக வேறு எங்கும் பார்த்ததில்லை.

அவன் ஒன்றும் தெரியாமல் போனவன் இல்லை. இரும்பு முனை வைத்த கோலால் தட்டித் தட்டிப் போவான். விழுந்தால் பனிக்கட்டியில் குத்தி ஏறுவதற்கு இரண்டு ஊசிகளைக் கழுத்தில் மாட்டியிருப்பான். ஓடை வந்து சேரும் இடத்தில் பனிக்கட்டி மெலிந்திருக்கும், பக்கத்தில் போகக் கூடாது என்று அவளுக்கே பாடம் எடுத்தவன். அன்று கரையில் நின்ற அவளைப் பார்த்துக் கையாட்டிக்கொண்டு பின்னோக்கிச் சறுக்கினான். பின்னால் ஓடை இருந்தது.

விழுந்தான். ஊசிகளைக் குத்தி, வயிற்றால் ஊர்ந்து, தானே ஏறினான். அவள் கயிற்றை வீசி இழுத்தாள். கரையில் இருந்த மரக்குடிலுக்குள் அவனைச் சேர்த்து, அவசர எண்ணைக் கூப்பிட்டாள். எதிர்முனையில் ஒரு பெண் நிதானமாக ஆங்கிலத்தில் சொன்னாள்: ஹெலிகாப்டர் புறப்பட்டுவிட்டது. ஈரத் துணியைக் கழற்று. போர்வையால் சுற்று. படுக்க வை. அசைக்காதே, தேய்க்காதே, எந்தக் காரணத்துக்கும் எழுந்து நடக்க விடாதே. ஷஹீரா ஒன்று விடாமல் செய்தாள். ஹைதர் பல் கிடுகிடுத்தாலும் பேசிக்கொண்டிருந்தான். "மீன் பாத்தேன்டி உள்ள" என்றான்.

அப்போதுதான் ஆசியா பீவியின் அழைப்பு வந்தது. ஞாயிற்றுக்கிழமை, பினாங்கில் அப்போது இரவு, இஷா தொழுது முடித்திருப்பாள். "எடு. எடுக்கலைன்னா பயந்துக்குவாங்க" என்றான் அவன். அவசர எண்ணின் பெண்ணைக் காக்க வைத்துவிட்டு ஷஹீரா அதை எடுத்தாள்.

திரையில் மகனைப் பார்த்ததும் ஆசியா பீவி போட்ட கூச்சலில் குடிலே அதிர்ந்தது. "அசைக்கக் கூடாதுன்னு ஆம்புலன்ஸ்காரம்மா சொல்றாங்க மாமி" என்றாள் ஷஹீரா. "எவடி அவ? பெத்தவ நானா அவளா? சூட்டுல வைடி!" குடிலை ஒட்டி, விறகு எரித்துச் சூடேற்றும் வெந்நீராவி அறை ஒன்று இருந்தது, யாரோ காலையில் மூட்டிய அடுப்பு இன்னும் கனன்றது. கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் சிவப்பாகத் தெரிந்த அதை ஆசியா பீவி திரையில் பார்த்துவிட்டாள். "அங்க நெருப்பு இருக்குல்ல? டேய் ஹைதர், எந்திரிடா. எந்திரிச்சு நட. நடந்தின்னா இப்பவே பால ஹலாலாக்கறேன். இல்ல, செத்தாலும் ஆக்க மாட்டேன்."

அவன் எழப் பார்த்தான். அவள் தடுக்கத்தான் செய்தாள். ஆனால் போனில் ஒரு தாய் தலையில் அடித்துக்கொள்கிறாள், அவனோ சிரிக்கிறான். அவளும் பினாங்குக்காரிதானே. குளிர்கிறவனுக்குச் சூடு காட்டு, ஜில்லிட்ட காலைத் தேய் என்று கேட்டே வளர்ந்தவள். கையையும் காலையும் பரபரவென்று தேய்த்தாள். தோளில் தாங்கி நடத்திக் கொண்டுபோய்ச் சூட்டறைப் பலகையில் உட்கார வைத்தாள். குளிரில் பேட்டரி செத்து, அவள் அவன் காலைத் தொடும் முன்பே போன் அணைந்துவிட்டிருந்தது; மாமி இதில் எதையும் பார்க்கவில்லை. "நல்லா இருக்குடி சூடு" என்றான். "உம்மாகிட்ட சொல்லு, நடந்துட்டேன்னு." சொல்லிவிட்டுச் சுவரில் தலையைச் சாய்த்தான். அவ்வளவுதான்.

கை காலில் தேங்கியிருந்த குளிர்ந்த ரத்தம் மொத்தமாக இதயத்துக்குப் பாய்ந்து அதை நிறுத்திவிட்டது என்று ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா சொன்னாள். படுத்தே இருந்திருந்தால் பிழைத்திருப்பானா என்று ஷஹீரா கேட்டாள். டாக்டரம்மா பொய் சொல்லத் தெரியாதவள். பெரும்பாலும் பிழைத்திருப்பான் என்றாள்.

இதைத்தான் வேனில் ஐமானிடம் சொன்னாள். இதை இங்கே சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்தாள். எதிரில் இருப்பவள் கொடுமைக்காரிதான். ஆனாலும் தன் வாயாலேயே தன் பிள்ளையைச் சாகக் கொடுத்தாள் என்பதை எந்தத் தாயிடம் சொல்வது? அதைக் கேட்ட பிறகு அவள் சோறு தின்பாளா, தூங்குவாளா? ஹைதர் இருந்திருந்தால் சொல்ல விட்டிருப்பானா? தனக்குத்தான் எப்படியும் ஒன்றும் மிச்சமில்லை. பழி ஒன்று கூடினால் என்ன?

"ஆமா மாமி" என்றாள் ஷஹீரா. "என் தப்புதான்."

"என்ன தப்பு?" ஆசியா பீவி நிமிர்ந்து உட்கார்ந்தாள். "மொட்டையா சொல்லாத. தேய்ச்சியா?"

"இல்ல."

"நடக்க விட்டியா?"

"இல்ல."

"சூட்டுல ஒக்கார வெச்சியா?"

ஷஹீராவின் உள்ளங்கைகளில் அவன் கெண்டைக்காலின் ஜில்லிப்பு இன்னும் இருந்தது. "இல்ல மாமி."

"போனு?"

"நான்தான் வெச்சுட்டேன்."

யாரோ ஒருத்தி 'யா அல்லாஹ்' என்றாள். பின்னால் இருந்த இன்னொருத்தி, "பாவி, மனுஷியா இவ" என்று கேட்கும்படியாகவே முணுமுணுத்தாள். ஐமான் கதவருகில் நின்று தன் செருப்பில்லாத கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். லெபைதான் பெருமூச்சு விட்டு, "போதும்மா, நேரமாகுது" என்றார்.

ஆசியா பீவி எழுந்தாள். இருபுறமும் இருவர் தாங்க லிப்டில் இறங்கினாள். பெட்டியின் தகட்டின் மேல் கையை வைத்து, "நான் குடுத்த பால் ஒனக்கு ஹலால்டா" என்றாள், கூடியிருந்த ஆண்களுக்கெல்லாம் கேட்கும்படி. பிறகுதான் அழுதாள். அது நிஜமான அழுகை. பெட்டியைக் கட்டிக்கொண்டு, தகட்டில் நெற்றியை முட்டி முட்டி அழுதாள். பிரித்தெடுக்க நாலு பேர் வேண்டியிருந்தது. ஷஹீரா ஒரு தூணுக்குப் பக்கத்தில் நின்றாள். நீ கேட்டது கிடைத்துவிட்டது என்று அவனிடம் மனசுக்குள் சொன்னாள். ஆண்கள் தோள் கொடுத்துத் தூக்கினார்கள். பெட்டி வேனில் ஏறியது, வேன் பள்ளிவாசலை நோக்கிப் போனது. அடக்கத்துக்குப் பெண்கள் போவதில்லை. கடைசி வரை அவனோடு வந்தவளுக்கு அந்த மண்டப வாசலோடு எல்லை முடிந்தது.

மேலே வந்ததும் ஆசியா பீவி அவளைப் படுக்கையறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள். கட்டிலில், விதவை வீட்டோடு துக்கம் காக்கும் இத்தாவுக்கு வெள்ளைச் சேலைகள் இரண்டு மடித்து வைத்திருந்தது. "கட்டிக்க. நாலு மாசம் பத்து நாளு இங்கதான். ஒங்கண்ணன் ஈப்போவுக்குக் கூட்டிட்டுப் போறேன்னானாம். புருஷன் வீட்டுலதான் முறைன்னு சொல்லி அனுப்பிட்டேன்."

"சரி மாமி."

"வர்றவங்க கேப்பாங்க. இப்பச் சொன்னதையே சொல்லு. ஆளுக்கு ஒண்ணு சொல்லாத."

ஷஹீரா தலையாட்டினாள். பிறகுதான் அந்தச் சொற்கள் உறைத்தன. நிமிர்ந்து பார்த்தாள்.

"என்ன பாக்கற? ஐமான் சொல்லிட்டான்" என்றாள் ஆசியா பீவி. குரலில் கோபமில்லை, மளிகைச் சாமான் சொல்வதுபோல் இருந்தது. "வேன் வந்து நின்னதும் மொதல்ல மேல ஓடி வந்தானே, அப்பவே. பெரியம்மா, அக்காவ ஒண்ணும் சொல்லாதீங்க, அவங்க நீங்க சொன்னதத்தான் செஞ்சாங்கன்னு அழுவறான். நல்ல மனசு அவனுக்கு."

"அப்ப... தெரிஞ்சேவா என்னைய அங்க நிக்க வெச்சுக் கேட்டீங்க?"

"தெரிஞ்சதுனாலதான் கேட்டேன். தெரியாம இருந்தா சும்மா நாலு ஏச்சு ஏசிட்டு விட்டிருப்பேன்." ஆசியா பீவி ஒரு சேலையை எடுத்து உதறி மறுபடி மடித்தாள். "நீ சின்னவ. இத்தா முடிஞ்சா போயிருவ. ஒண்ணு ரெண்டு வருஷத்துல இன்னொருத்தனக் கட்டிக்குவ, இந்தப் பேச்சு ஒன்னோட வராது. நான் எங்க போறது? இதே லிப்டுல ஏறணும். இதே பாசார்ல மீன் வாங்கணும். அந்தா போறா பாரு, மகனக் கொன்னவன்னு ஒருத்தி சொல்லிட்டா நான் அப்புறம் எப்புடி இருக்கறது?"

ஷஹீரா கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தாள். இவளுக்காக என்றல்லவா அந்தப் பொய்யைத் தூக்கிச் சுமந்தாள். இரக்கம் என்று நினைத்துக் கொடுத்ததை இவள் முன்கூட்டியே விலை பேசி வைத்திருந்தாள். வெளியே பெண்கள் தட்டுகளை அடுக்கும் சத்தம் கேட்டது.

ஆசியா பீவி உடனே போகவில்லை. கதவுத் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டு, முதுகைக் காட்டியபடி நின்றாள். பிறகு, வேறு ஒருத்தியின் குரலில் கேட்டாள்:

"சூட்டுல ஒக்காந்தப்புறம்... எம்புள்ள ஏதாச்சும் சொன்னானா?"

ஷஹீரா அந்த முதுகைப் பார்த்தாள். சொல்ல வேண்டியது நாக்கின் நுனியில் இருந்தது. அவன் இவளுக்கென்று சொல்லி அனுப்பியது அது. இவளிடம் கொடுத்துவிடத்தான் இத்தனை தூரம் கொண்டுவந்தாள்.

"நான்தான் அவங்கள சூட்டுல ஒக்காரவே வெக்கலையே மாமி" என்றாள்.

ஆசியா பீவி திரும்பவில்லை. முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு, கதவைத் திறந்தாள்.

பட்டர்வொர்த்திலிருந்து ஆசியா பீவியின் நாத்தனார் நூர் பீவி அப்போதுதான் வந்து சேர்ந்திருந்தாள். பெர்ரியைத் தவறவிட்டு, மையத்தையும் பார்க்க முடியாமல் போன ஆற்றாமையில் வாசலிலேயே அழுதுகொண்டிருந்தாள். அறையிலிருந்து வெளியே வந்த ஷஹீராவைப் பார்த்ததும், "என் கண்ணே" என்று இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு வந்தாள். அன்று அந்த வீட்டில் அவளுக்காக விரிந்த கைகள் அவை மட்டும்தான்.

"இருங்க மச்சி" என்றாள் ஆசியா பீவி. "மொதல்ல கேளுங்க. ஷஹீரா, சொல்லு."

ஷஹீரா சொன்னாள். தேய்க்கவில்லை, நடக்க விடவில்லை, சூட்டில் வைக்கவில்லை, போனை வைத்துவிட்டேன். இந்த முறை நாக்கு எங்கும் தடுக்கவில்லை. நூர் பீவியின் கைகள் மெதுவாகக் கீழே இறங்கின. அவள் சுற்றிக்கொண்டு போய் ஆசியா பீவிக்குப் பக்கத்தில் பாயில் உட்கார்ந்தாள்.

"விடுங்க மச்சி, அவளும் சின்னப் புள்ளதானே" என்றாள் ஆசியா பீவி. "காலையில இருந்து ஒண்ணும் குடிக்கல. அவளுக்கும் ஒரு தேத்தண்ணி குடுங்கலா யாராச்சும்."

உள்ளேயிருந்து ஒருத்தி கிளாஸைக் கொண்டுவந்தாள். கையில் கொடுக்கவில்லை. ஷஹீராவுக்கு எட்டும் தூரத்தில் தரையில் வைத்துவிட்டு, பாயில் தனக்கு இடம் விடச் சொல்லி மற்றவர்களோடு போய் உட்கார்ந்தாள்.